கூடு வைப்போர் கடமை



வீட்டுத் தோட்டத்தில் தனித்தேனீக்களுக்குக் கூட்டுப்பெட்டி அமைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாலு பலகை, ஒரு கட்டு மூங்கில், ஒரு மணி நேர வேலை என்று இந்தப் பொருளைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம். செய்முறைக் குறிப்புகள் பலவும் அப்படித்தான் முடிகின்றன. பெட்டியைச் செய்வது எளிது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் செய்த பெட்டி தேனீக்கு நன்மை தருமா, கேடு தருமா என்பது மூன்று கேள்விகளைப் பொறுத்தது. பெட்டி சிறியதா? அதைத் திறந்து பார்க்க முடியுமா? ஆண்டுதோறும் அதைச் சுத்தம் செய்ய ஆள் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் தாராளமாக வையுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் வைக்காமல் இருப்பதே நல்லது. கேட்பதற்குக் கொஞ்சம் கடுமையாக இருக்கலாம். இதற்கான ஆதாரங்களை ஒவ்வொன்றாக உங்கள் முன் வைக்கிறேன்.

தேனீ என்றதும் அடை, ராணி, கூட்டம், தேன் எல்லாம் ஒன்றாக நம் நினைவுக்கு வருகின்றன. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் சுமார் 20,000. அவற்றில் மெழுகடை கட்டித் தேன் சேர்க்கும் ஏபிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை ஒரு டஜன்கூட இல்லை. நம் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ, வெளியிலிருந்து கொண்டுவந்த இத்தாலியத் தேனீ எல்லாம் அந்தச் சிறு குழுவுக்குள் அடங்கும். கொசுத்தேனீயும் கூட்டமாக வாழ்வதுதான். இவற்றை விட்டுப் பார்த்தால் மீதியில் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றுக்கு ராணியும் இல்லை, வேலைக்காரத் தேனீயும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே இடம் தேடி, தானே கூடமைத்து, தானே உணவு சேர்த்து, தானே முட்டையிடுகிறது. இந்தியாவில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் பதிவாகியுள்ளன. ரோஜா இலையின் ஓரத்தை வட்ட வட்டமாக நறுக்கிக்கொண்டு பறக்கும் இலைவெட்டித் தேனீ, நாம் கருவண்டு என்று சொல்லும் தச்சுத் தேனீ, வயிற்றில் நீல வரிகளோடு துளசிப் பூவைச் சுற்றும் அமெகில்லா, காய்ந்த குச்சியின் நெட்டியைக் குடைந்து குடியிருக்கும் சின்னஞ்சிறு செரடினா என்று நம் வீட்டைச் சுற்றியே இவை வாழ்கின்றன. பெயர் தெரியாததால் அவற்றை வெறும் பூச்சி என்று கடந்துபோகிறோம்.

கூட்டுப்பெட்டியை விளங்கிக்கொள்ள, ஒரு பெண் தேனீ குழலுக்குள் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஓட்டையில் குடியேறும் இனங்களை எடுத்துக்கொள்வோம். தாய் குழலின் அடிக்கோடிக்குப் போய், மகரந்தமும் மதுவும் குழைத்த உருண்டை ஒன்றைச் சேர்த்து வைக்கிறது. அதன்மேல் ஒரு முட்டை இட்டு, குறுக்கே சுவர் எழுப்பி, அறையை மூடுகிறது. சுவர் சில இனங்களில் சேறு, சிலவற்றில் நறுக்கிய இலை, சிலவற்றில் மரப்பிசின். பிறகு அடுத்த அறை. இப்படி உள்ளிருந்து வாயிலை நோக்கி அறைகளை வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்து, கடைசியில் வாயிலைத் தடித்த அடைப்பால் மூடிவிட்டுப் போய்விடுகிறது. கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். எதை எங்கே இடுவது என்பது தாயின் கையில் இருக்கிறது. பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞர் ழான் ஆன்றி ஃபாபர், செரிஞானில் இருந்த தம் வீட்டில் ஒஸ்மியா என்னும் கொத்துத் தேனீக்களுக்கு நாணல்களையும் கண்ணாடிக் குழல்களையும் கொடுத்து இதை நூறாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தார். பெண் முட்டைகள் உள்ளே, ஆண் முட்டைகள் வாயிலருகே என்ற வரிசையை அவர் கண்டார். இடம் குறுகலாகவும் குட்டையாகவும் இருந்தால் தாய் ஆண் முட்டைகளாகவே இடுவதையும் அவர் நிறுவினார். இந்த ஒரு செய்தியே பெட்டி செய்பவரின் பொறுப்பைச் சொல்லிவிடுகிறது. அழகுக்காக ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் துளை போட்டால், அடுத்த தலைமுறையில் முட்டையிடப் பெண்களே குறைந்துபோகும்.

இவற்றுக்கு நாம் ஏன் வீடு செய்து தர வேண்டும் என்று கேட்கலாம். மண்சுவர், மூங்கில் கைமரம், கீற்றுக்கூரை, முள்வேலி, பட்டுப்போன மரம் எல்லாம் இருந்த ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே ஓட்டைக்குப் பஞ்சமில்லை. இன்று சுவர் சிமென்ட், கூரை கான்கிரீட், வேலி காம்பவுண்டுச் சுவர். காய்ந்த கிளை கண்ணில் பட்ட அன்றே வெட்டப்படுகிறது. அதனால்தான் சாவித் துவாரத்திலும், ஆணி பிடுங்கிய ஓட்டையிலும், மின்சாரப் பிளக்கின் துளையிலும்கூட இலையையும் பிசினையும் அடைத்துவைக்கும் பூச்சிகளைப் பார்க்கிறோம். பூ இருந்தும் குடியிருக்க இடமில்லாத தோட்டங்கள் பெருகிவிட்டன. அந்தக் குறையைத் தீர்ப்பதே கூட்டுப்பெட்டியின் நியாயம்.

இங்கே முதல் மறுப்பு எழும். மகரந்தச் சேர்க்கைக்குத் தேன்பெட்டி இருக்கிறதே, தனித்தேனீ எதற்கு? கத்தரிப் பூவையும் தக்காளிப் பூவையும் பாருங்கள். அவற்றின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை வழியாக மட்டுமே மகரந்தத்தை விடுகிறது. தச்சுத் தேனீயும் அமெகில்லாவும் பூவைக் கவ்விப் பிடித்து, பறக்கும் தசைகளை அதிரவைத்து, மகரந்தத்தை உதிர்த்துக்கொள்கின்றன. தேன்பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. காற்றில் ஆடியும் தக்காளி ஓரளவு காய்க்கும் என்பது உண்மை. ஆனால் அதிர்த்து உதிர்க்கும் தேனீ வந்த செடியில் காய்ப்பு மேம்படும். துவரைப் பூவை நாடி வருபவற்றிலும் இலைவெட்டித் தேனீயும் தச்சுத் தேனீயும் முக்கியமானவை. உலகெங்கும் 41 பயிர் அமைப்புகளை ஆராய்ந்து 2013-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, காட்டுப் பூச்சிகளின் வருகையால் காய்ப்பிடிப்பு உயர்ந்த அளவு, வளர்ப்புத் தேனீயின் வருகையால் உயர்ந்த அளவைப்போல இரு மடங்கு என்று காட்டியது. தேனீ வளர்ப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மார்த்தாண்டம் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது, இன்றும் போடுகிறது. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் பரவியபோது தென்னிந்தியாவின் தேன்பெட்டிகள் பெருமளவில் காலியாயின. ஒரே இனத்தை நம்பி இருப்பதன் ஆபத்தை அந்த ஆண்டுகள் நமக்குக் கற்றுக்கொடுத்தன. பல இனங்கள் பக்கத்தில் இருந்தால், ஒன்று தளரும் ஆண்டில் மற்றொன்று தாங்கும்.

இனிக் கூட்டுப்பெட்டியின் வரலாற்றுக்கு வருவோம். என் வாதத்தின் வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது. ஜப்பானின் ஆப்பிள் விளையும் பகுதியான அயோமோரியில் 1940-களிலிருந்தே விவசாயிகள் நாணல் கட்டுகளை வைத்து ஒஸ்மியா கார்னிஃபிரான்ஸ் என்னும் கொத்துத் தேனீயை வளர்த்துவந்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து லோகன் நகரிலுள்ள அரசு ஆய்வகம், அந்நாட்டுக்கே உரிய நீலநிறக் கொத்துத் தேனீயைப் பாதாம், ஆப்பிள் தோட்டங்களுக்காகப் பழக்கியது. அதே ஆராய்ச்சி மரபில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் குரோம்பைன், துளையிட்ட மரத்துண்டுகளைக் கண்ணிபோல் வைத்துத் தனித்தேனீ, குளவி இவற்றின் வாழ்க்கையைப் பதிவுசெய்து 1967-இல் நூலாக்கினார். இவர்கள் எவரும் பெட்டியை வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் அல்லர். கூட்டைத் திறந்து, எண்ணி, பிரித்து, பாதுகாத்து, மறுபருவத்துக்கு ஆயத்தம் செய்தவர்கள்.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வட அமெரிக்காவின் குதிரைமசால் வயல்களே சாட்சி. குதிரைமசால் விதை உற்பத்திக்காக மெகாகைலி ரோட்டண்டேட்டா என்னும் இலைவெட்டித் தேனீயை அங்கே கோடிக்கணக்கில் வளர்த்தார்கள். அமெரிக்கப் பகுதிகளில் பலரும் பயன்படுத்தியது கனத்த மரக்கட்டையில் துளையிட்ட பலகை. அதைத் திறக்க முடியாது. 1970-களில் அஸ்கோஸ்பேரா என்னும் பூஞ்சை புழுக்களைத் தாக்கிச் சுண்ணாம்புபோல் இறுகச் செய்தது. பின்அறையில் பிறந்த தேனீ வெளியே வர வேண்டுமானால் வாயிலருகே செத்துக்கிடக்கும் புழுவைக் கடித்துத் துளைத்துக்கொண்டுதான் வர வேண்டும். வரும்போதே அதன் உடல் முழுவதும் பூஞ்சையின் வித்துகள் ஒட்டிக்கொள்கின்றன. அந்தத் தேனீ அதே கட்டையில் மறுபடி முட்டையிடுகிறது. நோய் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. கனடா விவசாயிகள் வேறு வழியைப் பின்பற்றினார்கள். காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பருவ முடிவில் பிரித்து, இலைக் கூடுகளை உதிர்த்தெடுத்து, கெட்டவற்றைக் களைந்து, நல்லவற்றைத் தனியே சேமித்தார்கள். அங்கே நோய் கட்டுக்குள் இருந்தது. அமெரிக்க வயல்களுக்கு ஆண்டுதோறும் கனடாவிலிருந்து தேனீயை விலைக்கு வாங்கும் நிலை வந்தது. தேனீயும் ஒன்று, பயிரும் ஒன்று. கூட்டைத் திறக்க முடிந்ததும் முடியாததுமே இரு நாட்டு நிலைமையையும் பிரித்தது.

தோட்டக் கடைகளில் தேனீ விடுதி என்ற பெயரில் விற்கப்படும் பெரிய அலங்காரப் பெட்டிகளைப் பற்றி அறிவியலாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். கனடாவின் டொராண்டோ நகரில் ஸ்காட் மேக்கைவர், லாரன்ஸ் பேக்கர் இருவரும் மூன்று ஆண்டுகள் சுமார் 600 கூட்டுப்பெட்டிகளைக் கவனித்து, 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குடியேறிய தேனீக்களில் ஏறத்தாழப் பாதி, அதாவது 47.1 விழுக்காடு, வெளிநாட்டு இனங்கள். பெட்டிகளில் முக்கால்வாசியில் குளவிகளும் இடம்பிடித்திருந்தன. உள்ளூர்த் தேனீக்கள் ஒட்டுண்ணிகளால் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. பிரான்சின் மார்செய் நகரப் பூங்காக்களில் வைத்த பெட்டிகளிலும், கிழக்காசியாவிலிருந்து வந்து பரவிய மெகாகைலி ஸ்கல்ப்டுராலிஸ் என்னும் பெரிய பிசின் தேனீ பெருமளவில் குடியேறியிருந்தது. இது கூட்டுப்பெட்டி இயக்கத்துக்கே எதிரான சான்று என்று சிலர் சொல்கிறார்கள்.

இந்த மறுப்பை நான் முழு மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து பெட்டியே கூடாது என்ற முடிவு வராது. முதலாவதாக, டொராண்டோவிலும் மார்செயிலும் கண்ட அயல் இனங்களின் நெருக்கடி அந்தந்த ஊரின் நிலைமை. நம் ஊர்த் தோட்டத்து ஓட்டைகளில் பெரும்பாலும் குடியேறக்கூடியவை நம் நாட்டு இலைவெட்டித் தேனீக்களும் பிசின் தேனீக்களும்தான். ஆனாலும் யார் குடியேறினார்கள் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை இதனால் நீங்குவதில்லை. இரண்டாவதாக, குளவி வந்தால் பெட்டி வீண் என்று கருதுவது தவறு. குழல்களில் குடியேறும் தனிக்குளவிகள் தம் குஞ்சுகளுக்குப் பச்சைப்புழுவையும் சிலந்தியையும் வெட்டுக்கிளியையும் பிடித்து அடைப்பவை. காய்கறித் தோட்டத்தில் அது நமக்குக் கிடைக்கும் கூலியில்லா உழைப்பு. மூன்றாவதாக, ஒட்டுண்ணியும் நோயும் பெருகுவதற்குக் காரணம் நெருக்கம். இயற்கையில் ஒரு தேனீயின் கூடு ஒரு கிளையில் இருக்கும், அடுத்தது பத்துத் தப்படி தள்ளி வேறொரு கட்டையில் இருக்கும். ஒட்டுண்ணி ஒவ்வொன்றையும் தேடி அலைய வேண்டும். இருநூறு குழல்களை ஒரே சட்டத்தில் அடுக்கும்போது, அதற்கு நாமே பந்தி போட்டு இலை விரித்துவிடுகிறோம். ஒரு தனித்தேனீத் தாய் வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் இருபது முப்பது முட்டைகளுக்குமேல் இடுவது அரிது. அவற்றில் பாதி போனால் அந்த இழப்பை ஈடுகட்ட அதற்கு வழியே இல்லை. ஆகவே டொராண்டோ ஆய்வு நமக்குச் சொல்வது இதுதான்: சிறியதாக வையுங்கள், பிரித்து வையுங்கள், கவனித்து வையுங்கள்.

அப்படியானால் பெட்டி எப்படி இருக்க வேண்டும்? நான் பரிந்துரைப்பது காடிப் பலகைப் பெட்டி. இரண்டு சென்டிமீட்டர் தடிப்பும் பதினைந்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள பலகைகள் ஐந்தாறு எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மேல்முகத்திலும் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை நான்கைந்து காடிகளைத் தச்சரிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சில பலகைகளில் 6 மில்லிமீட்டர், சிலவற்றில் 8, சிலவற்றில் 10 மில்லிமீட்டர் அகலமும் அதே ஆழமும் இருக்கட்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மேற்பலகையின் அடிப்பக்கமே கீழ்ப்பலகையின் காடிக்கு மூடியாகிவிடும்; உச்சியில் மட்டும் காடியில்லாத பலகை ஒன்றை வையுங்கள். பின்பக்கம் ஒரு பலகையால் இறுக்கமாக மூடி, எல்லாவற்றையும் இரண்டு நீண்ட திருகாணிகளால் பிணைத்துவிடுங்கள். திருகைக் கழற்றினால் ஒவ்வொரு பலகையும் புத்தகத்தின் ஏடுபோல் பிரிந்து, உள்ளே நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இருபது முப்பது துளைகள் போதும். அதற்குமேல் ஆசை வந்தால் தோட்டத்தின் மறுகோடியில் இன்னொரு சிறு பெட்டி வையுங்கள். பெயிண்ட், வார்னிஷ், கரையான் மருந்து எதுவும் படாத மரமாக இருக்க வேண்டும். பிளைவுட் மழைக்காலத்தில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். கண்ணாடி, பிளாஸ்டிக் குழல்கள் ஈரத்தை உறிஞ்சாதவை. உள்ளே வியர்த்து, மகரந்த உருண்டையில் பூசணம் பிடித்துவிடும். ஃபாபர் கண்ணாடிக் குழலைக் கொடுத்தது பார்ப்பதற்காக, தேனீயைப் பெருக்குவதற்காக அன்று.

காடிப் பலகை கைக்கெட்டாதவர்களுக்கு மூங்கில் போதும். கணுவை ஒட்டிப் பின்னால் வெட்டினால் கணுவே பின்சுவராக அமையும், ஒரு முனை மட்டும் திறந்திருக்கும். இருமுனையும் திறந்த குழலில் பெரும்பாலான தேனீக்கள் குடியேறா. வாயில் பிசிறாக இருந்தால் சிறகு கிழியும் என்பதால் உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும். உள்விட்டம் 6 முதல் 10 மில்லிமீட்டர்வரை கலந்திருக்கட்டும். நீளம் பதினைந்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 6 மில்லிமீட்டர்க் குழலுக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் போதும். தச்சுத் தேனீக்கென்று ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உள்விட்டமுள்ள மூங்கில் இரண்டு மூன்றைத் தனியே கட்டிவைக்கலாம். கட்டிய கட்டை ஒரு மரப்பெட்டிக்குள்ளோ அகலமான பழைய குழாய்த் துண்டுக்குள்ளோ செருகி, மேலே சாய்வான கூரையை முன்பக்கம் ஏழெட்டு சென்டிமீட்டர் நீட்டிவிடுங்கள். மூங்கிலைக் கழுவிப் பயன்படுத்த முடியாது. ஒருமுறை குடியிருந்து காலியான குழலை எறிந்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். அது மலிவான பொருள் என்பதால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெட்டியை வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, குளிர்நாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவது நம் ஊரில் ஆபத்து. அங்கே முழுவெயில் படும் தெற்குச் சுவரில் வைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் தேனீக்கு அங்கே தேவைப்படுவது சூடு. நமக்குச் சித்திரை வெயில் இருக்கிறது. மாடித் தோட்டத்துக் கைப்பிடிச் சுவரில், பிற்பகல் வெயில் நேரே அடிக்கும் இடத்தில் பெட்டியை வைத்தால் உள்ளிருக்கும் புழுவுக்குத் தப்பிக்க வழியில்லை. அது தன் அறையை விட்டு நகர முடியாது. ஆகவே கிழக்குப் பார்த்த வாயில், காலை வெயில், நண்பகலுக்குமேல் நிழல் என்று வையுங்கள். தரையிலிருந்து மூன்று நான்கு அடிக்குமேல், காற்றில் ஆடாதபடி இறுகப் பொருத்துங்கள். ஆடும் பெட்டிக்குத் தாய் திரும்பி வந்து வாயிலைப் பிடிக்கத் தடுமாறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை எந்தத் திசையிலிருந்து சாரலடிக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் மறைப்புக் கொடுங்கள். நம் ஊரில் முதல் எதிரி எறும்பு. தேன்பெட்டிக்காரர்கள் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதுபோல இதற்கும் செய்யலாம், அல்லது இரும்புக் கம்பத்தில் பொருத்திக் கம்பத்தில் கிரீஸ் பூசலாம். செடியின் கிளை எதுவும் பெட்டியைத் தொடாதபடி வெட்டிவிட வேண்டும். ஒரு கிளை தொட்டாலும் எறும்புக்கு அது பாலம்.

பராமரிப்புக்கு வருகிறேன். குளிர்நாட்டில் ஆண்டுக்கு ஒரு தலைமுறை, அதனால் அங்கே பனிக்காலத்தில் ஒரே முறை எல்லாவற்றையும் பிரித்துச் சுத்தம் செய்தால் போதும். நம் வெப்பநாட்டில் ஓராண்டிலேயே பல தலைமுறைகள் வரும். ஒரு குழல் மூடியிருக்கும்போது பக்கத்துக் குழல் திறந்துவிட்டிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை பார்த்து, எந்தத் துளை எந்த நாளில் அடைக்கப்பட்டது என்று பென்சிலால் குறித்துவையுங்கள். அடைப்பு இலையா, சேறா, பிசினா என்பதையும் எழுதுங்கள். அடைப்பில் வட்டத் துளை விழுந்துவிட்டால் உள்ளிருந்தவை வெளியேறிவிட்டன என்று பொருள். அடைப்பைச் சுற்றி ஊசிமுனை அளவில் சிறுசிறு துளைகள் தெரிந்தால் வந்தது ஒட்டுண்ணிக் குளவியாக இருக்கலாம். காலியான மூங்கிலை அகற்றிவிடுங்கள். காடிப் பலகையானால் ஆண்டுக்கு ஒருமுறையாவது, மழைக்கு முன்னால் பிரித்துப் பாருங்கள். இன்னும் மூடியிருக்கும் குழல்களையும் இலைக் கூடுகளையும் ஒரே ஒரு சிறு ஓட்டை உள்ள இருட்டுப் பெட்டியில் போட்டு, நிழலில் வையுங்கள். பிறக்கும் தேனீ வெளிச்சத்தை நோக்கி வெளியேறும். வெளியே புதுக்கூடு தயாராக இருப்பதால் பழைய அழுக்கில் முட்டையிட வாய்ப்புக் குறையும். சுண்ணாம்பாக இறுகிய புழு கண்ணில் பட்டால் எரித்துவிடுங்கள். பலகைகளை வெந்நீரும் தூரிகையும் கொண்டு தேய்த்து, நல்ல வெயிலில் காயவைத்து மறுபடி அடுக்குங்கள். ஆண்டுக்கு ஓர் அரைநாள் வேலை இது. கனடா விவசாயி கோடிக்கணக்கான தேனீக்களுக்குச் செய்வதை நாம் ஐம்பது தேனீக்களுக்குச் செய்கிறோம்.

இன்னும் சில மறுப்புகள் உண்டு. கொட்டாதா என்று பெற்றோர் அஞ்சுவார்கள். தனித்தேனீக்குக் காக்கவேண்டிய தேன் சேமிப்பும் இல்லை, படையும் இல்லை. கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய அது கொட்ட முனைவதில்லை. ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. நம்மைச் சுற்றி ரீங்காரமிட்டு மிரட்டும் கருவண்டு பெரும்பாலும் எல்லை காக்கும் ஆண்தான். ஆனாலும் தேனீக் கொடுக்கால் கடும் ஒவ்வாமை ஏற்படுவோர் உள்ள வீட்டில், நடமாட்டமில்லாத மூலையில் வைப்பதே முறை. ரோஜா இலை போய்விடுகிறதே என்று வருந்துவோர் உண்டு. இலைவெட்டித் தேனீ இலையைத் தின்பதில்லை, அறைக்கு உறை தைக்க ஓரத்தில் நறுக்குகிறது. அதனால் செடி சாவதில்லை. தச்சுத் தேனீ வீட்டு மரச்சாமானைத் துளைக்கும் என்ற குறையிலும் ஓரளவு உண்மை உண்டு. மரத்துக்கு எண்ணெயோ பெயிண்டோ பூசிவிட்டு, பக்கத்தில் மூங்கிலைக் கட்டிவைத்தால் இருவருக்கும் இடமிருக்கும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. தேனீ இனங்களில் சுமார் 70 விழுக்காடு மண்ணில் வளை தோண்டி வாழ்பவை. பெட்டி அவற்றுக்கு எந்த உதவியும் செய்யாது. அப்படியிருக்க, பெட்டியைப் பற்றி இவ்வளவு பேசுவது எதற்கு? இந்த மறுப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பெட்டி வைப்பவரிடம் மேலும் மூன்றைக் கேட்கிறேன். முதலாவது, இடம். தோட்டத்தின் ஒரு மூலையில் சிமென்டும் மூடாக்கும் இல்லாத வெறுந்தரையை, வெயில் படும்படி, கொத்தாமல் விடுங்கள். கவாத்து செய்த நெட்டிக் குச்சிகளில் சிலவற்றைச் செடியிலேயே காயவிடுங்கள், செரடினா வரும். இரண்டாவது, பூ. சில தனித்தேனீ இனங்களில் ஒரேயொரு குஞ்சை வளர்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்களின் மகரந்தம் தேவைப்படுவதாக ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. தனித்தேனீக்கள் உணவுக்காகப் பறந்துபோகும் எல்லையோ சில நூறு மீட்டர்தான். பெட்டியைச் சுற்றித் துளசி, தும்பை, அவரை, துவரை, அகத்தி, பூசணி என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்காவிட்டால் அந்தப் பெட்டி பட்டினி விடுதியாகிவிடும். மூன்றாவது, மருந்து. செடியின் உடல் முழுதும் ஊடுருவி மகரந்தத்திலும் மதுவிலும் கலக்கும் இமிடாகுளோபிரிட் முதலிய மூன்று நியோனிகோட்டினாய்டுகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடைவிதித்தது. நம் ஊரில் அந்த மருந்து கடையில் எளிதாகக் கிடைக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூடப் பூவின்மேல் படாமல், தேனீ அடங்கிய மாலைக்குப் பின் தெளியுங்கள்.

இவ்வளவும் செய்யவேண்டுமானால் பெட்டியே வேண்டாம், பூச்செடியும் வெறுந்தரையும் மட்டும் போதுமே என்று கேட்பவருக்கு என் விடை: ஆம், போதும். நேரமில்லாதவர் அதைச் செய்வதே மேல். பெட்டிக்கென்று தனியே ஒரு பயன் உண்டு, அது கல்வி. மண்ணுக்குள் நடப்பதை நாம் பார்க்க முடியாது. காடிப் பலகையைப் பிரித்தால் பத்து வயதுக் குழந்தை ஒரு தாயின் உழைப்பை அறை அறையாகப் பார்க்கும். எந்த மாதத்தில் எந்தத் தேனீ வந்தது, எதைக் கொண்டு அடைத்தது, எத்தனை பிழைத்தன என்று ஒரு பள்ளி ஐந்தாண்டுகள் குறிப்பேட்டில் எழுதினால் அந்த ஊரின் தேனீக்களைப் பற்றிய முதல் ஆவணமாக அதுவே அமையக்கூடும். திறக்க முடியாத பெட்டியால் இந்தப் பயனும் இல்லை, தேனீக்கும் நோய்.

எனவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. பள்ளிகளில், பூங்காக்களில், கோயில் நந்தவனங்களில், மாடித் தோட்டங்களில் கூட்டுப்பெட்டி வைக்க விரும்புகிறவர்கள் பெரிய அலங்காரப் பெட்டியை விலைக்கு வாங்காதீர்கள். உள்ளூர்த் தச்சரிடம் முப்பது துளைக்கு மேற்படாத, பிரித்துத் திறக்கக்கூடிய ஒரு பெட்டியைச் செய்துகொள்ளுங்கள். அதை வைக்கும் நாளிலேயே, வாரம் ஒருமுறை பார்த்து ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்யப்போகிறவர் யார் என்பதை முடிவுசெய்து, அவர் பெயரைப் பெட்டியின் பின்புறம் எழுதிவையுங்கள். எழுத ஒரு பெயர் இல்லையென்றால் அந்த ஆண்டு பெட்டி வைக்காதீர்கள், அந்த இடத்தில் ஓர் அகத்தியை நடுங்கள்.